கறுப்பு வெள்ளை ஸ்லைடு: ப்ளீச்சில்தான் கவனம் தேவை

கறுப்பு வெள்ளை ஸ்லைடு ஃபிலிமான அக்ஃபா ஸ்காலா 200 நின்றுபோனாலும், கறுப்பு வெள்ளை ஸ்லைடு (ஒளி ஊடுருவ நேரடியாகப் பார்க்கும் படச்சுருள்) எடுக்க இன்றும் வழி இருக்கிறது. ஃபோமாபான் ஆர்100 இதற்கென்றே வரும் ஃபிலிம். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் போன்ற நெகட்டிவ் ஃபிலிமையும் ரிவர்சல் முறையில், அதாவது நெகட்டிவுக்குப் பதில் நேர்ப்படமே வரும்படி, வீட்டிலேயே கழுவலாம்.

படம் எடுக்கும்போது ஒளி அளக்கும் மீட்டரை வெளிச்சப் பகுதிக்கு வைத்துப் பாருங்கள். பிரிண்டில் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சே இங்கே கிடையாது, வெளுத்தது வெளுத்ததுதான்.

கழுவும் படிகள் இவை: முதல் டெவலப்பர், ப்ளீச் (முதலில் உருவான நெகட்டிவ் படத்தைக் கரைப்பது), கிளியரிங் (ப்ளீச்சின் கறையைப் போக்குவது), மறுபடி வெளிச்சம் காட்டுதல், இரண்டாம் டெவலப்பர், ஃபிக்ஸர். இதில் ப்ளீச்தான் படுத்தும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலையும் நீர்த்த கந்தக அமிலத்தையும் தனித்தனி பாட்டிலில் வைத்து, கழுவும் நேரத்தில் மட்டும் கலக்குங்கள், கலந்தது தங்காது. நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் மெல்ல விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அடர் அமிலத்தைப் பெர்மாங்கனேட் தூள்மேல் விட்டால் வெடிக்கும்.

பெர்மாங்கனேட் பட்டதும் ஃபிலிமின் ஜெலட்டின் ஊறி இளகிவிடும், நகம் பட்டாலே கீறல். அதனால் எல்லாக் கரைசலும் 20 டிகிரியில் இருக்கட்டும். நம் கோடையில் குழாய்த் தண்ணீரை ஐஸ் வைத்துக் குளிர்வித்துவிட்டு இறங்குங்கள். விரலால் வழித்துத் தண்ணீரை எடுக்காதீர்கள். கிளியரிங்கில் ப்ளீச்சின் பழுப்புக் கறையைச் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போக்கிவிடும்.

எக்ஸ்போஷர் சரியாக இருந்தும் ஸ்லைடு இருட்டாக வந்தால், அடுத்த ரோலுக்கு முதல் டெவலப்பர் நேரத்தைக் கூட்டுங்கள்.