நாய் கடித்த ஆசிரியர்: பழைய தலைப்புச் செய்திகளை வைத்து நகைச்சுவை எழுதும் முறை

‘நாய் கடித்த ஆசிரியர் ஆஸ்பத்திரியில் அனுமதி.’ இது மாதிரிக்குச் செய்த தலைப்புதான். ஆனால் பழைய பேப்பரில் இப்படி ஒன்று சிக்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆசிரியரை நாய் கடித்ததா, நாயை ஆசிரியர் கடித்தாரா? இடம் போதாமல் வேற்றுமை உருபைக் கத்தரிப்பது தமிழ்த் தலைப்புகளின் நெடுநாள் பழக்கம். அந்த ‘ஐ’ காணாமல் போன ஓட்டைக்குள்தான் நாம் நுழைய வேண்டும். தலைப்பை அப்படியே நம்பினால் என்ன விளைவு வரும் என்று கற்பனை செய்து எழுதுவதுதான் இந்த முறை. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி யாருக்கு? மறுநாள் வருகைப் பதிவேட்டில் நாய்க்கு என்ன போடுவது? ‘போலீஸ் தாக்கிய வாலிபர் கைது’ என்பதும் இதே ரகம். தாக்கியது எந்தப் பக்கம் என்று வாசகர் இரண்டாம் முறை படிக்கும்போதுதான் சிரிப்பார்.

தலைப்புகளைத் தேட, சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் இதழ்களுக்கு இணையத்தில் ‘நூலகம்’, ஆஸ்திரேலியப் பத்திரிகைகளுக்கு ‘ட்ரோவ்’, அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு ‘க்ரோனிக்ளிங் அமெரிக்கா’. இருபது தலைப்பு எடுத்தால் மூன்று தேறும். அதற்குக் குறைவாக எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பத்திரிகை பெயர், தேதி, பக்கம், எந்தப் பதிப்பு ஆகிய நான்கையும் உடனே குறித்துவிடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் மறுபடி அந்தப் பக்கம் கண்ணில் படாது. பழைய காகிதம் மரக்கூழில் செய்தது. அதில் உள்ள அமிலம் தாளை மஞ்சளாக்கி முறுக்கு மாதிரி நொறுங்க வைக்கும். மடிக்காமல், பிளாஷ் போடாமல் படம் எடுங்கள்; குறிப்பெடுக்கப் பென்சில் போதும்.

எதை விடுவது? சாவு, விபத்து, சாதிக் கலவரம் மூன்றையும் தொடவே வேண்டாம். பெட்டிக்கடையில் தொங்கும் ‘பிரபல நடிகர் திடீர் முடிவு’ வகை போஸ்டரும் உதவாது. அதில் தகவலே இல்லை, பிறகு விளைவு எங்கிருந்து வரும்? அடித்துச் சொன்ன தலைப்புதான் வேண்டும். பத்திரிகை எவ்வளவு உறுதியாகப் பேசியதோ அவ்வளவு நமக்கு லாபம்.

அப்படி அடித்துச் சொன்னதில் உச்சம், 1948 நவம்பர் 3 தேதியிட்ட ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’. ‘டூயி ட்ரூமனை வீழ்த்தினார்’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து. அந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்தது ட்ரூமன்: தேர்வாளர் வாக்குகள் 303, எதிர்த்து நின்ற டூயிக்கு 189. அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் தட்டச்சு செய்து, படம் பிடித்து, தகடு செய்து அச்சிடும் சுற்றுவழி. அதனால் முதல் பதிப்பை வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்பே முடிக்க வேண்டியிருந்தது. எண்ணிக்கை முடியவில்லை, நிருபரின் கணிப்பை நம்பிவிட்டார்கள். இந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் ‘முட்டாள் பத்திரிகை’ என்று எழுதினால் அது வெறும் கேலி. காரணம் தெரிந்தால் கதைக்கு முடிவே கிடைத்துவிடும். எப்படி என்று பாருங்கள்.

முதல் படியில், தலைப்பை நம்பி ஒருவர் சின்னதாக, நியாயமாக ஒரு காரியம் செய்ய வேண்டும். ட்ரூமன் கட்சிக்காரர் ஒருவர் விடியற்காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு, பந்தயம் கட்டிய 5 டாலரை நாவிதரிடம் கொடுத்துவிடுகிறார். அடுத்து, அந்தக் காரியம் இன்னொருவரை மாட்டிவிட வேண்டும். நாவிதர் அந்தப் பணத்தில் தொப்பி வாங்கிவிட்டார். மத்தியானம் உண்மை தெரிந்து இவர் திரும்பிக் கேட்டால், “பேப்பர்ல என்ன போடுவான்னுதானேய்யா பந்தயம்?” என்கிறார். மூன்றாம் படி பத்திரிகைக்கே திரும்ப வேண்டும். இருவரும் அலுவலகத்துக்குப் போய் 5 டாலர் கேட்கிறார்கள். கணக்காளர் தலை நிமிராமல் கேட்கிறார்: “எந்தப் பதிப்பு?”

அங்கேயே நிறுத்துங்கள். நான்காவதாக அமெரிக்க ராணுவத்தையும் ஐ.நா.வையும் கூப்பிட்டால் சுவை போய்விடும். ஒரு தலைப்புக்கு 120 முதல் 150 சொல் போதும்.

அடிக்கடி சறுக்கும் இடம், நிஜ விளைவைத் தேடாமல் கற்பனைக்குப் போவது. 1979 ஜூலையில் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று உலகமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்தன. எஸ்பரன்ஸ் ஊர் நிர்வாகம், குப்பை கொட்டியதாக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. இதைத் தெரியாமல் ‘நாசாவுக்குக் குப்பை வரி’ என்று நீங்கள் கற்பனை செய்தால், வாசகர் நிஜத்தைச் சொல்லி உங்களைப் பார்த்துச் சிரிப்பார். ‘நியூயார்க் டைம்ஸ்’ 1920இல், வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று ராக்கெட் விஞ்ஞானி கோடார்டுக்கு இயற்பியல் பாடம் எடுத்தது. நிலவுக்கு ஆள் புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, தவறுக்கு வருந்துவதாகத் திருத்தம் போட்டது. இந்த மாதிரிக் கேஸில் கற்பனையை மூட்டை கட்டிவிட்டு நடந்ததை அப்படியே கொடுங்கள்.

காலக்குழப்பமும் கவனிக்க வேண்டியது. 1957 ஏப்ரலுக்கு முந்தைய இந்தியக் கதையில் ‘25 காசு’ வரக்கூடாது, நாலணாதான். அபேட்சகர் (வேட்பாளர்), காரியதரிசி (செயலாளர்), அக்கிராசனர் (கூட்டத் தலைவர்) போன்ற பழைய சொற்களை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ‘அக்கிராசனர் எழுந்திருக்க மறுப்பு’ என்பதில் இருக்கும் கனம் ‘தலைவர்’ என்றால் வராது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘னை’, ‘லை’, ‘றா’, ‘னா’ போன்றவை வேறு வடிவில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அங்கே தடுமாறும், எனவே கையால் தட்டச்சு செய்து, மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். தலைப்பில் ஓர் எழுத்தைக்கூட ‘இன்னும் சிரிப்பாக’ மாற்றாதீர்கள்.

படமாகப் போடுவதானால் ‘விளைவு: கற்பனை’ என்ற வரியை ஓரத்தில் வைக்காமல், வாசகத்தின் நடுவில் குறுக்கே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் முதலில் வெட்டுவது ஓரத்தைத்தான். வெட்டியது நாலு குழு சுற்றினால், உங்கள் நாவிதரைத் தேடி யாராவது சிகாகோவுக்கே போன் போடுவார்கள்.