நகரம் வளர்ந்தது யாரால்? அரசியல்வாதியா, பில்டரா என்று கணக்குப் பார்க்கும் வழி

ஒரு நகரத்தில் புது ரயில் பாதை வந்து, அதன் ஓரமாக நாலு கண்ணாடிக் கோபுரமும் எழுந்துவிட்டால் உடனே சண்டை ஆரம்பித்துவிடும். "எங்கள் தலைவர் இல்லையென்றால் இங்கே புல்தான் முளைத்திருக்கும்" என்பார் ஒருவர். "அரசாங்கம் என்ன கிழித்தது, காசு போட்டுக் கட்டினது கம்பெனிக்காரன்தானே" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் கண்ணுக்குத் தெரிகிற கோபுரத்தைக் காட்டியே பேசுவதால் சண்டை முடிவதே இல்லை. தேதி, பணம், மண்ணுக்கு அடியில் போகும் குழாய், இந்த மூன்றையும் தேடிப் பிடித்தால் ஓரளவு நேர்மையான பதில் கிடைக்கும். எந்த நகரத்தைப் பற்றிப் படித்தாலும் நான் இப்படித்தான் பார்ப்பது வழக்கம், அந்த முறையைத்தான் எழுதுகிறேன். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "இந்த நகரத்தை வளர்த்தது யார்?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, ஆளுக்கொரு கதைதான் சொல்வார்கள். ஒரு பாலம், ஒரு பேட்டை, ஒரு பூங்கா என்று ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். இந்த முறையில் பாதி வேலை இதுதான், பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவதும் இதைத்தான். எங்கேயாவது ஒரு பாலத்தின் திறப்புக் கல்வெட்டை நின்று படித்துப் பாருங்கள். திறந்து வைத்தவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், தேதியும் திறந்த நாளின் தேதிதான். திட்டம் எப்போது தயாரானது, நிலம் எப்போது கையகப்படுத்தப்பட்டது, பணம் எந்த பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டது என்று ஒன்றும் இருக்காது. பெரிய திட்டம் ஒன்று யோசனையிலிருந்து திறப்பு விழாவுக்கு வர பத்து வருடம், சில சமயம் இருபது வருடம்கூட ஆகும். அதற்குள் ஆட்சி இரண்டு மூன்று முறை மாறியிருக்கும், ரிப்பன் வெட்டியவருக்கும் முடிவெடுத்தவருக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருக்கும்.

லண்டனில் இருக்கும் கேனரி வார்ஃப் என்ற அலுவலகப் பேட்டையை எடுத்து இதைச் செய்து பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சண்டையில் இரண்டு பக்கத்தாரும் உதாரணம் காட்டுகிற இடம் அது. 1980-இல் அங்கிருந்த கப்பல்துறை மூடப்பட்டது. சரக்குப் பெட்டகங்களை ஏற்றிய பெரிய கப்பல்கள் அவ்வளவு உள்ளே வர முடியாது என்பதால் வேலை எல்லாம் கடலோரத் துறைமுகங்களுக்குப் போய்விட்டது. 1981-இல் பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு, டாக்லேண்ட்ஸ் எனப்படும் அந்தக் கப்பல்துறை வட்டாரத்தின் வளர்ச்சிக்கென்று தனி அமைப்பு ஒன்றை உருவாக்கி, உள்ளூர் கவுன்சில்களின் திட்ட அனுமதி அதிகாரத்தை எடுத்து அதன் கையில் கொடுத்தது. 1982-இல் கேனரி வார்ஃப் இருக்கும் பகுதி தொழில் மண்டலமாகி, பத்து வருடத்துக்குச் சொத்து வரி கிடையாது என்றானது. 1987-இல் ஓட்டுநர் இல்லாத சின்ன ரயில் வந்தது. அதே வருடம் கனடாவைச் சேர்ந்த ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம், ரைக்மன் சகோதரர்களுடையது, மொத்தத் திட்டத்தையும் கையில் எடுத்தது. 1991-இல் 50 மாடிக் கோபுரம் எழுந்து நின்றது, அன்றைக்குப் பிரிட்டனிலேயே உயரமானது அதுதான்.

அடுத்த வருடமே, 1992-இல், நிறுவனம் திவாலாகிவிட்டது. கோபுரம் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி காலி. சொத்துச் சந்தை சரிந்திருந்தது, கூடவே ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தினமும் வந்துபோக அந்தச் சின்ன ரயில் போதவில்லை. ஜூபிலி சுரங்க ரயில் பாதை 1999-இல்தான் அங்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பில்டர் தருவதாகச் சொன்ன பங்கு 40 கோடி பவுண்டு, பாதைக்கு ஆன மொத்தச் செலவோ சுமார் 350 கோடி பவுண்டு. மீதியெல்லாம் பொதுப்பணம்.

இப்போது சொல்லுங்கள், புகழ் யாருக்கு? வரிச்சலுகையும் ரயிலும் இல்லாமல் அந்த இடம் எழுந்திருக்காது. ஆனால் சலுகை மட்டும் இருந்து, கைவிட்ட கப்பல்துறையில் அவ்வளவு பெரிய தொகையைக் கொட்ட ஒருவர் வராமல் போயிருந்தால் சின்னச் சின்னக் கிடங்குகள் மட்டும் வந்திருக்கும், மற்றத் தொழில் மண்டலங்கள் பலவற்றில் நடந்தது அதுதான். என் கணக்கில் அளவும் துணிச்சலும் பில்டருடையவை, அந்த இடம் பிழைத்து நின்றது ரயிலால். அதிகாரத்தைப் பறிகொடுத்த உள்ளூர் கவுன்சில்களும், துறைமுக வேலை போன குடும்பங்களும் இந்தக் கதையில் எங்கே என்ற கேள்வியையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

தேதி முடிந்ததும் அடுத்த கேள்வி: இது தோற்றுப்போயிருந்தால் யார் பணம் போயிருக்கும்? லாபம் வரும்போது பக்கத்தில் நிற்கிறவர்களை எல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள், நஷ்டம் வந்திருந்தால் யார் தலையில் விழுந்திருக்கும் என்று பாருங்கள். தனியாருக்கு முழு மனதோடு புகழ் கொடுக்க வேண்டிய இடங்கள் இப்படித்தான் தெரியவரும். ஜப்பானில் ஒசாகாவுக்கு வெளியே 1910-இல் ஓடத் தொடங்கிய ரயில் பாதை ஒன்று உண்டு, இன்றைக்கு ஹான்க்யூ என்கிற நிறுவனத்தின் ஆரம்பம் அது. ஆள் அதிகம் இல்லாத பக்கமாகப் பாதை போகிறது, யார் ஏறுவார்கள் என்று எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். அதை நடத்திய கோபயாஷி இச்சிஸோ பாதையோரத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். ஒரு முனையில் பொழுதுபோக்கு இடமும் நாடக அரங்கும், இன்னொரு முனையில் 1929-இல் பெரிய பல்பொருள் அங்காடியும் வைத்தார். பயணிகளை அவரே உண்டாக்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். தோற்றிருந்தால் போயிருப்பது நிறுவனத்தின் பணம். இங்கே போய் எந்த அமைச்சர் பெயரையாவது முதலில் எழுதினால் அது அநியாயம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சிங்கப்பூர். வீட்டு வசதி வாரியம் 1960-இல் தொடங்கியது, 1966-இல் நிலத்தை எடுக்க வலுவான சட்டம் வந்தது, இன்றைக்கு அங்கே குடியிருப்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் அந்த வாரியம் கட்டிய வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர்கள் தனியார்தான், ஆனால் முடிவும் நிலமும் பொறுப்பும் அரசினுடையவை.

ஹாங்காங் இரண்டுக்கும் நடுவில். அங்கே ரயில் நிறுவனத்துக்கு நிலையத்தின் மேலும் பக்கத்திலும் கட்டும் உரிமையை அரசு கொடுக்கிறது, அதுவும் ரயில் வருவதற்கு முந்தைய நிலமதிப்பில். ரயில் வந்ததும் நிலத்தின் மதிப்பு ஏறும், பில்டர்கள் கட்டுவார்கள், அந்த லாபத்தில் ரயில் நிறுவனத்துக்குப் பங்கு வரும், அந்தப் பணத்தில் பாதை போடப்படும். அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கும் அரசிடமே இருக்கிறது. இந்த உதாரணத்தைச் சொல்வதற்குக் காரணம், நிலமதிப்பு ஏன் ஏறியது, ஏறிய மதிப்பு யார் பைக்குப் போனது என்ற இரண்டு கேள்வியையும் உங்கள் தாளில் தனித்தனியாக எழுத வேண்டும் என்பதற்காகத்தான். பொதுப்பணத்தில் ரயில் வந்து, பக்கத்தில் சும்மா நிலம் வைத்திருந்தவருக்கு மதிப்பு மூன்று மடங்கானால், அவர் அந்த வட்டாரத்தை வளர்த்தவர் ஆகமாட்டார். இடம் வாங்கிப் போட்டிருந்தவர், அவ்வளவுதான்.

மூன்றாவது, குழாய். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கட்டடத்தின் முகப்பைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் போங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, மழைநீர் எங்கே வடிகிறது, மின்சாரம் போனால் என்ன ஓடுகிறது?

டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் குருகிராம், அப்போது குர்கான், இதற்கான பாடம். ஹரியானா அரசு 1975-இல் கொண்டுவந்த சட்டப்படி பில்டர்கள் உரிமம் வாங்கிக் காலனிகள் அமைக்கலாம், உள்ளே இருக்கும் சாலையும் குழாயும் அவர்கள் பொறுப்பு. காலனிக்கு வெளியே உள்ள பெரிய சாலை, பெரிய குழாய் எல்லாம் அரசு போட வேண்டும், அதற்குப் பில்டர்கள் கட்டணம் கட்ட வேண்டும். டி.எல்.எஃப். போன்ற நிறுவனங்கள் வயல்வெளியில் அலுவலகக் கோபுரங்களைக் கொண்டுவந்தன, உலகத்தின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் வந்து குடியேறின, லட்சக்கணக்கில் வேலை கிடைத்தது. அந்தப் புகழைத் தனியாரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. ஆனால் நகரத்துக்கு மாநகராட்சி என்ற ஒன்று 2008-இல்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு காலனியும் ஒரு தீவு. பளிங்குத் தரை போட்ட வாசலிலிருந்து பின்பக்கம் வந்தால் டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும், அதைத் தாண்டினால் கழிவுநீரை உறிஞ்சி எடுத்துப் போகிற டேங்கர் லாரி நிற்கும். பெரிய மழை பெய்தால் நெடுஞ்சாலையிலேயே கார்கள் தண்ணீரில் நின்றுவிடும்.

ஆகவே உங்கள் தாளில் குருகிராமுக்கு இரண்டு வரி வேண்டும். வேலைவாய்ப்பு வந்ததற்குப் பில்டர் பெயரும், கதவைத் திறந்துவிட்ட சட்டத்துக்காக அரசின் பெயரும் முதல் வரியில். குழாய் வராததற்கான பழி இரண்டாவது வரியில், அதிலும் இரண்டு பெயரும். புகழை மட்டும் பங்கு போட்டுவிட்டுப் பழியை அனாதையாக விட்டால் கணக்கு பொய்.

அடுத்தது, அலையைக் கழிக்க வேண்டும். வட்டி குறைந்திருந்த காலத்தில் நாடு முழுவதும் கட்டடம் எழும், யார் மேயராக இருந்தாலும் எழும். அதனால் அதே அளவுள்ள, அதே மாதிரித் தொழில் உள்ள பக்கத்து நகரம் ஒன்றை எடுத்து அதே பத்து வருடத்தில் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தால் உங்கள் தலைவரும் உங்கள் பில்டரும் அலையில் மிதந்தவர்கள்தான். ஸ்பெயினில் பில்பாவோ நகரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஃபிராங்க் கெரி வடிவமைத்து 1997-இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்பார்கள். ஆனால் அதற்கு முன்பே ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை பல வருடமாக நடந்தது, 1995-இல் மெட்ரோ வந்தது, துறைமுகம் கடல் பக்கம் நகர்ந்து ஆற்றங்கரை காலியானது. வரியைத் தானே வசூலிக்கும் அதிகாரம் பில்பாவோ இருக்கும் பாஸ்க் பகுதிக்கு இருந்ததால்தான் இவ்வளவுக்கும் பணம் இருந்தது. அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒன்று கட்டப் போகிற நகரம் ஏமாந்துதான் போகும்.

கடைசியாக, அரசியல்வாதிக்கு ஒன்று, பில்டருக்கு ஒன்று போக, தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள். அரசியல்வாதியும் இல்லை, பில்டரும் இல்லை என்பவர்களுக்கு. 1858 கோடையில் லண்டனில் ஓடும் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது, அந்த அவசரத்தில்தான் சாக்கடை போடப் பணம் ஒதுக்கினார்கள், அதை அரசியல்வாதிகளின் பத்தியில் எழுதலாம். ஆனால் திட்டத்தை அதற்கு முன்பே கையில் வைத்துக் காத்திருந்தவர் ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர். அவர் போட்ட சுமார் 130 கிலோமீட்டர் பெரிய சாக்கடைகள் காலராவை அந்த நகரத்திலிருந்து விரட்டின. எத்தனை மேயர், எத்தனை கட்டுமான நிறுவனம் அதன் மேல் நின்று பெயர் வாங்கியிருக்கிறார்கள்!

நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவும் இந்தப் பத்திக்குத்தான் வரும். 1980-இல் கடைசிச் சரக்கு ரயில் ஓடி நின்றுபோன மேல்பாலம் அது. அதன் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் இடிக்கச் சொன்னார்கள், 2001 முடிவில் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் பதவி விட்டு இறங்கும் தறுவாயில் அதற்குச் சம்மதித்தது. காப்பாற்றியது 1999-இல் ஒரு கூட்டத்தில் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்ட ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹேமண்ட் என்ற இரண்டு பேர் தொடங்கிய குடியிருப்பாளர் அமைப்பு. அடுத்து வந்த மேயர் புளூம்பெர்க் அவர்கள் பக்கம் நின்றார். 2005-இல் விதியை மாற்றி, பாலத்தின் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் கட்டும் உரிமையை வேறு மனைகளுக்கு விற்கலாம் என்றதும் எதிர்ப்பு அடங்கியது. 2009-இல் முதல் பகுதி திறந்தது, அப்புறம்தான் சுற்றிலும் ஆடம்பரக் குடியிருப்புகள் எழுந்தன. தேதி தெரியாதவர்கள் அந்தக் குடியிருப்புகளைக் காட்டி பில்டர்கள் பேட்டையையே மாற்றிவிட்டார்கள் என்பார்கள். பேட்டை மாறியது உண்மை, வாடகை ஏறி அங்கே இருக்க முடியாமல் போனவர்களும் உண்மை, அவர்களையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

இவ்வளவுக்கும் தகவல் எங்கே கிடைக்கும் என்றால், மேடைப் பேச்சிலும் விளம்பரத்திலும் தேடாதீர்கள். மன்றத் தீர்மானங்கள், பட்ஜெட் புத்தகம், தணிக்கை அறிக்கை, நிலப் பயன்பாட்டை மாற்றிய உத்தரவு, நிறுவனம் பங்குதாரர்களுக்குக் கொடுத்த ஆண்டறிக்கை, இவற்றில் இருக்கும். தகவல் கேட்கும் சட்டம் இருக்கிற நாட்டில் எழுதிக் கேளுங்கள். பழைய நாளிதழ்களில் அடிக்கல் நாட்டிய செய்தியைத் தேடுங்கள், அதை யார் எதிர்த்தார்கள் என்பதும் அங்கேதான் கிடைக்கும்.

தாள் நிறைந்ததும் தீர்ப்பைப் பெயரோடு மட்டும் எழுதாமல் வினையோடு எழுதுங்கள். "அவர் வளர்த்தார்" என்று எழுதாதீர்கள். "அவர் நிலத்தை ஒதுக்கினார்", "அந்த நிறுவனம் சொந்தப் பணத்தைப் போட்டது", "இந்தப் பொறியாளர் வழித்தடத்தை மாற்றினார்" என்று எழுதுங்கள். வினை கிடைக்காத பெயரை அடித்துவிடுங்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், ஐந்தாறு வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குருகிராமில் 2013-இல் தனியார் கட்டி ஓட்டத் தொடங்கிய ரேபிட் மெட்ரோவைத் தனியார் திறமைக்குச் சாட்சி என்று அப்போது எழுதியிருந்தால், 2019-இல் அதை மாநில அரசின் நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தபோது அந்த வரியைத் திருத்தியிருக்க வேண்டும்.