கோடைக்கால ஸ்விம் டீம்: முதல் மீட்டுக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்கு

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் ஜூன் பிறந்தால் பாட்டு வகுப்பு, பரதநாட்டியம், கிரிக்கெட் வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: வீட்டுப் பக்கத்துக் குளத்தின் ஸ்விம் டீம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்துவிட்டது, நம் பிள்ளையும் நச்சரிக்கிறது, நாமும் பணத்தைக் கட்டிவிடுகிறோம். அப்புறம் ஒரு சனிக்கிழமை முதல் மீட்டுக்கு, அதாவது நீச்சல் போட்டிக்கு, விடிந்தும் விடியாமலும் போய் நின்றால் எங்கு பார்த்தாலும் பிள்ளைகள், கை முழுக்க மார்க்கரில் எழுதிய எண்கள், விசில், மைக்கில் புரியாத அறிவிப்பு. தன் பிள்ளை நீந்தி முடித்ததே தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாக்களை எனக்குத் தெரியும். கிணற்றில் குதித்து நீச்சல் கற்ற தலைமுறைக்கு இந்த ஏற்பாடெல்லாம் புதுசு. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு வடக்கு வர்ஜீனியாவில் இந்தக் குளத்து அணிகள் தங்களுக்குள் மோதும் லீக்கை (நார்தர்ன் வர்ஜீனியா ஸ்விம்மிங் லீக், சுருக்கமாக என்விஎஸ்எல்) எடுத்துக்கொள்கிறேன். 1956-இல் தொடங்கியது, நூறுக்கும் மேற்பட்ட குளங்கள் அதில் இருக்கின்றன. உங்கள் ஊர் லீக்கில் சில விதிகள் மாறலாம், ஆனால் அமைப்பு கிட்டத்தட்ட இதேதான்.

படி 1: சேரும் முன்

குளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு யார் துணையும் இல்லாமல் பிள்ளையால் போக முடிந்தால் பெரும்பாலான அணிகளில் சேர்த்துக்கொள்வார்கள். அழகாக நீந்த வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீந்தவே தெரியாத பிள்ளைக்கு இது இடமில்லை, முதலில் நீச்சல் வகுப்பில் போடுங்கள்.

மே கடைசியில் மெமோரியல் டே வாரத்தில் குளம் திறக்கும். பள்ளி முடியும்வரை பயிற்சி மாலையில், முடிந்தபின் காலையில். ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் இந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை முழுக்க மதுரையில் இருக்கப் போகிற பிள்ளைக்கு அணியில் சேர்த்துப் பயனில்லை.

வயதுப் பிரிவு ஐந்து: 8-க்குள் (எட்டு வயதும் சேர்த்து), 9-10, 11-12, 13-14, 15-18. ஜூன் 1 அன்று என்ன வயதோ அதுதான் சீசன் முழுக்க. ஜூன் 2-ஆம் தேதி ஒன்பது முடிகிற பிள்ளைக்கு யோகம், இன்னொரு வருஷம் சின்னப் பிள்ளைகளோடே நீந்தலாம்.

படி 2: யார் எந்த மீட்டில் நீந்துவது

சனிக்கிழமை காலை நடப்பது ஏ மீட், இரண்டு அணிகள் மோதுவது. அதற்கு முன்பே டைம் ட்ரயல் என்று ஒரு நாள் வைத்து எல்லாப் பிள்ளைகளின் நேரத்தையும் எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு வயதிலும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் (நீச்சல் முறையிலும்), ஆண் பெண் தனித்தனியாக, வேகமான மூன்று பேருக்குத்தான் சனிக்கிழமை இடம். குளத்தில் ஆறு லேன் (தடம்), அணிக்கு மூன்று. மற்றவர்களுக்கு வார நாள் மாலையில் பி மீட் நடக்கும், அதில் யார் வேண்டுமானாலும் நீந்தலாம், அணிக்குப் புள்ளி கிடையாது.

முதல் வருஷம் உங்கள் பிள்ளை பெரும்பாலும் பி மீட்டில்தான் இருக்கும். இதில் முகம் சுளிக்க ஒன்றுமே இல்லை. என்னைக் கேட்டால் புதுப் பிள்ளைக்கு பி மீட்தான் நல்லது: கூட்டம் தெரியாது, நாலு ஸ்ட்ரோக்கும் முயன்று பார்க்கலாம், சனிக்கிழமை போல யாரும் புள்ளிக்கணக்கைப் பார்த்துப் பதறுவதில்லை.

படி 3: முந்தின இரவு, அன்று காலை

பையில் நீச்சல் கண்ணாடி இரண்டு (ஒன்றின் வார் சரியாக அன்றைக்குத்தான் அறும்), தொப்பி, துண்டு இரண்டு மூன்று, மடக்கு நாற்காலி, தண்ணீர். தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு ஒன்று: மீட்டுக்கு முந்தின நாள் வேண்டாம். எண்ணெய்த் தலையில் தொப்பி வழுக்கிக்கொண்டே போகும், லேட்டக்ஸ் தொப்பியானால் சீக்கிரம் கெட்டும் போகும். நீளமான முடியைப் பின்னி, கொண்டையைப் பிடரிப் பக்கம் தாழ்வாகப் போட்டால் தொப்பி நிற்கும்.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக. காலையில் இரண்டு இட்லி, நடுவில் வாழைப்பழம் போதும். அங்கே டோனட் விற்பார்கள், பிள்ளை கேட்கும், நீந்தி முடித்தபின் வாங்கிக் கொடுங்கள்.

மார்க்கர் முதலில், சன்ஸ்க்ரீன் அப்புறம். மாற்றிச் செய்தால் மை ஒட்டாது. கையில் எழுதுவது மூன்று எண்கள்: ஈவென்ட், ஹீட், லேன். ஈவென்ட் என்பது எந்தப் போட்டி, உதாரணமாக 9-10 பெண்கள் 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக். அதற்கு லேன்களைவிட அதிகம் பேர் இருந்தால் பல ஹீட்டுகளாகப் பிரிப்பார்கள். லேன் என்பது எந்தத் தடம். இந்த மூன்றும் ஹீட் ஷீட் என்ற தாளில் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் என்டி என்று போட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் நேரம் பதிவாகவில்லை என்று பொருள், பயப்பட வேண்டாம்.

வரிசை இப்படி: முதலில் எல்லா வயதுக்கும் ஃப்ரீஸ்டைல் (பெரும்பாலும் கைகளை மாற்றி மாற்றி வீசிக் குப்புற நீந்துவது), அப்புறம் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது), ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை மாதிரி), பட்டர்ஃப்ளை (இரண்டு கையையும் ஒன்றாக வீசி), கடைசியில் ரிலே (ஒருவர் பின் ஒருவராக அணியே நீந்துவது). அதனால் ஒன்பது மணிக்கு ஒரு நிமிஷத்துக்குள் நீந்திய பிள்ளை அடுத்து நீந்தப் பத்தரை ஆகலாம். சீட்டுக்கட்டு ஒன்று கொண்டுபோங்கள்.

படி 4: தண்ணீருக்குள் என்ன நடக்கிறது

சின்னப் பிள்ளைகளை நேரம் வந்ததும் கூப்பிட்டு, பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, லேனுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்த இடத்தின் பெயர் கிளார்க் ஆஃப் கோர்ஸ். கூப்பிடும்போது உங்கள் பிள்ளை கழிப்பறையில் இருந்தால் போச்சு, யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ரெஃப்ரி சின்னச் சின்ன விசில்கள் அடித்தால் தயாராகு என்று பொருள். நீண்ட விசில் வந்தால் ஏறி நில். பேக்ஸ்ட்ரோக் என்றால் அந்த விசிலுக்கு நீரில் இறங்கி, இரண்டாவது நீண்ட விசிலுக்குச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் 'டேக் யுவர் மார்க்', ஒரு பீப். நீண்ட விசிலிலிருந்து பீப் வரைக்கும் தயவுசெய்து கத்தாதீர்கள், ஃப்ளாஷ் போட்டுப் படமும் எடுக்காதீர்கள். டைமர்கள், அதாவது நேரம் எடுப்பவர்கள், ஸ்டார்ட்டர் கருவியில் மின்னும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடிகாரத்தை அழுத்துகிறார்கள்.

டிக்யூ, அதாவது தகுதிநீக்கம், முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வராமல் போனால்தான் ஆச்சரியம். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் திருப்பத்திலும் முடிவிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும், பிள்ளை ஒரு கையால் தொட்டிருக்கும். அல்லது ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் உதையில் ஒரு கால் தவளை மாதிரியும் இன்னொன்று கத்திரி மாதிரியும் போயிருக்கும். பேக்ஸ்ட்ரோக்கில் சுவர் எங்கே என்று திரும்பிப் பார்க்கும் ஆசையில் முடிவதற்கு முன் குப்புறப் புரண்டிருக்கும். அதற்காகத்தான் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் தலைக்கு மேல் கொடி கட்டியிருக்கிறது. கொடியிலிருந்து எத்தனை கைவீச்சு என்று பயிற்சியிலேயே எண்ணி வைத்துக்கொண்டால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. ஃப்ரீஸ்டைலில் டிக்யூ வாங்குவது கஷ்டம். மூச்சு வாங்கினால் தரையில் நின்றுகூடக் கொள்ளலாம், நடக்கவோ தரையை உந்தவோ லேன் கயிற்றைப் பிடித்து இழுக்கவோ மட்டும் கூடாது.

தப்பைப் பார்த்த அதிகாரி கையைத் தூக்குவார், ஒரு சீட்டில் காரணத்தை எழுதுவார், அது கோச்சுக்குப் போகும். நீங்கள் போய் அவரிடம் வாதாடக் கூடாது. ஏதாவது கேட்பதென்றால் அணியின் பிரதிநிதி கேட்பார். சீட்டை மட்டும் கோச்சிடம் கேட்டுப் படியுங்கள், அடுத்த வாரப் பயிற்சியில் எதைத் திருத்துவது என்று அதிலேயே இருக்கும்.

படி 5: புள்ளி

முதல் இடம் 5, இரண்டாவது 3, மூன்றாவது 1. ஒரே அணி மூன்றையும் அள்ளினால் 9-0. ரிலேயில் ஜெயித்த அணிக்கு 5, தோற்றால் ஒன்றுமில்லை, அதனால்தான் கடைசி அரை மணி நேரம் எல்லோரும் குளத்து ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். 8-க்குள் ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் வேகமான மூன்று பிள்ளைகள் டிக்யூ ஆகி, நிதானமாக, ஆனால் சரியாக நீந்தி நாலாவதாக வந்த பிள்ளை 5 புள்ளியோடு போவதெல்லாம் நடக்கும்.

படி 6: ஸ்டாப்வாட்சைக் கையில் வாங்குங்கள்

இந்த மொத்த ஏற்பாட்டையும் நடத்துவது பெற்றோர்கள்தான். கோச்சுக்குச் சம்பளம் உண்டு, மற்றபடி ரெஃப்ரியிலிருந்து டோனட் விற்பவர் வரை எல்லாரும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பா அம்மா. ஒவ்வொரு குடும்பமும் இத்தனை முறை வேலை செய்ய வேண்டும் என்று கணக்கும் உண்டு. நம்மவர்கள் பலர் விதி தெரியாது என்று தயங்கி உணவுக் கடைப் பக்கமே போய்விடுகிறார்கள். நான் சொல்வேன், முதல் மீட்டிலேயே டைமராகப் பெயர் கொடுங்கள். எந்த அனுபவமும் தேவையில்லை, தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் கூப்பிட்டுச் சொல்லித் தருவார்கள். வெளிச்சம் மின்னியதும் அழுத்து, உங்கள் லேன் பிள்ளை சுவரைத் தொட்டதும் அழுத்து, அவ்வளவுதான். ஒரு லேனுக்கு மூன்று டைமர், மூன்று நேரத்தில் நடுவில் இருப்பதுதான் அதிகாரபூர்வ நேரம், ஆகவே நீங்கள் ஒருமுறை தாமதமாக அழுத்தினாலும் யார் குடியும் கெடாது. குளத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு கைத் தொடுதலும் இரு கைத் தொடுதலும் எப்படி வித்தியாசப்படும் என்று இரண்டடி தூரத்தில் நின்று பார்ப்பீர்கள், பாதி மீட் முடிவதற்குள் விதிகள் தானாகப் பழகிவிடும், நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மூன்று வருஷம் ஆனாலும் பழகாது. செருப்பு நனையும், அதற்கேற்ற செருப்பாகப் போடுங்கள்.

படி 7: நேரத்தைப் படிப்பது

52.40 என்றால் 52 விநாடியும் ஒரு விநாடியில் நூற்றில் 40 பங்கும். பிள்ளை எத்தனையாவதாக வந்தது என்பது பக்கத்து லேனில் யார் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது. போன வாரம் 54, இந்த வாரம் 52 என்றால் அது பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியம். ஆறாவதாக வந்தும் இரண்டு விநாடி குறைந்த பிள்ளையைக் கோச் தூக்கிக் கொண்டாடுவதைப் பார்ப்பீர்கள். வேறு ஊரில் இருக்கும் சித்தப்பா மகனோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒப்பிடுவதே நல்லதல்ல, அதோடு பல குளங்கள் 25 மீட்டர் அல்ல, 25 கெஜம், அதாவது 22.86 மீட்டர்தான். அங்கே நேரம் குறைவாகத்தான் வரும்.

சீசன் முடிந்தபின்

லீக்கின் அணிகளை டிவிஷன் டிவிஷனாகப் பிரித்திருப்பார்கள். ஒரு டிவிஷனில் ஆறு அணி, மற்ற ஐந்தோடும் ஒவ்வொரு சனிக்கிழமை. அது முடிந்ததும் ஆறும் சேர்ந்து டிவிஷனல்ஸ், அதற்கப்புறம் லீக் முழுவதிலும் வேகமானவர்களுக்கு ஆல்-ஸ்டார்ஸ். பெரும்பாலான குடும்பங்களுக்கு டிவிஷனல்ஸோடு கதை முடிந்துவிடும்.

அப்போது யாராவது வந்து குளிர்காலத்திலும் நடக்கும் நீச்சல் கிளப்பில் சேர்க்கச் சொல்வார்கள். அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடக்கியே மேரிலாந்தில் இப்படி ஒரு கோடை அணியில் ஆறு வயதில் தொடங்கியவர், 15 வயதில் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார் என்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கிளப் என்றால் வருஷம் முழுக்க, வாரத்தில் பல நாள், பணமும் பல மடங்கு. பிள்ளை தானாகக் கேட்டால் ஒரு வாரம் இலவசமாகப் பயிற்சிக்கு வரவிடுவார்களா என்று விசாரித்துப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் அடுத்த மே மாதம் வரை விட்டுவிடுங்கள், அதற்குள் நீச்சல் உடையும் சின்னதாகிப் போயிருக்கும்.