கத்திரிக்கு முன் வளவு வாசலைத் தயார் செய்வது எப்படி?

செட்டிநாட்டு வீட்டின் நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றம்தான் வளவு வாசல். அதற்கு மேலே தகர ஷீட்டோ ஃபைபர் ஷீட்டோ போட்டு மூடிவிட்டு, "முன்னைவிட இப்போதுதான் வீடு புழுங்குகிறது" என்று சொல்பவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறையப் பேர். புழுங்கத்தான் செய்யும். வீட்டுக்குள் சூடாகும் காற்று மேலே ஏறி வெளியேறும் வழி அந்தத் திறப்புதான். அது வெளியேறினால்தான் முகப்பிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். ஆகவே கோடைக்கு வளவைத் தயார் செய்யும்போது வெயிலை வடிகட்டினால் போதும், வானத்தை அடைக்கக் கூடாது. கீழே சொல்லும் வேலைகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கிவிடும். வேலையை மாசிக் கடைசியில் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரையில் தொட்டி மாற்றினால் செடி தாங்காது, வேலை செய்யும் நீங்களும் தாங்க மாட்டீர்கள்.

முதலில் தூம்பும் தரையும்

செடி வாங்கக் கிளம்புவதற்கு முன், வளவுத் தரையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தூம்பு வழியாக முழுவதும் வடிய வேண்டும். தேங்கினால் உள்ளே வேப்பஞ்சருகும் மண்ணும் அடைத்திருக்கிறது. மூங்கில் குச்சியால் குத்தி, தண்ணீர் அடித்து எடுத்துவிடுங்கள். தினமும் தண்ணீர் புழங்கப்போகிற இடம், தேங்கினால் கொசுதான் மிச்சம்.

நடுவில் உள்ள கல் தரையில் கார்த்திகை மழையின் பாசி கறுப்பாகக் காய்ந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீருக்கு 2 தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, கட்டைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். இது நடுவில் உள்ள கல் தரைக்கு மட்டும். தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் (வண்ணத் தரை ஓடு) இருந்தால் அந்தத் தண்ணீர் அங்கே ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. ஆசிட் பட்டால் சிமெண்ட் அரித்து, பளபளப்பு போய்ச் சொரசொரவென்று ஆகிவிடும். கழிப்பறை கழுவும் திரவம், எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, உலர்ந்த துணியில் பத்துச் சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் போதும். அளவு கூடினால் தூசி ஒட்டும், காலும் வழுக்கும்.

வெயில் எங்கே விழுகிறது?

ஒருநாள் காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என்று மூன்று முறை வெயில் விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதைத் தை மாதம் போட்டு வைத்துக்கொண்டு நம்பியிருக்க வேண்டாம். தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வளவின் தெற்கு ஓரம் நிழலாக இருக்கும். சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு கொஞ்சம் வடக்கே போகிறது. அப்போது அதே தெற்கு ஓரம்தான் வெயிலில் காயும். "நிழலில்தானே வைத்தோம், எப்படிக் கருகியது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

நிழல் வலை கட்டுதல்

10 அடிக்கு 12 அடி தூண் இடைவெளி உள்ள வளவு என்று வைத்துக்கொள்வோம். தேவையானவை:

50 சதவீத நிழல் தரும் வலை, 9 அடிக்கு 11 அடி. நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, 2 அடிக்கு ஒரு பித்தளைக் கண்ணி அடித்தது. தார்ப்பாய் தைக்கும் கடையில் செய்து தருவார்கள்.
தேங்காய் நார்க் கயிறு, சுமார் 60 அடி.
பழைய வேட்டி அல்லது சாக்கு.

75 சதவீத வலை இன்னும் குளிர்ச்சி என்று கடையில் சொல்லலாம். அதைக் கட்டினால் மல்லிகையும் காகிதப்பூவும் பூக்காது. பச்சை வலைக்குக் கீழே எல்லாமே பச்சையடித்துத் தெரியும், பிடிக்காதவர்கள் வெள்ளையை வாங்கலாம்.

பர்மா தேக்குத் தூணிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் ஆணி அடிக்காதீர்கள். தேக்கு வெடிக்கும், பூச்சு பொத்தென்று பெயர்ந்து விழும். தூணைச் சுற்றி வேட்டித் துணியை நான்கு சுற்று சுற்றி, அதன் மேல் கயிற்றைக் கட்டுங்கள். நைலான் கயிறு காற்றில் ஆடி ஆடி மரத்தில் தடம் பதித்துவிடும். ஓட்டு விளிம்புக்கும் அதற்குக் கீழே கட்டும் வலைக்கும் நடுவே ஒன்றரை அடியாவது இடைவெளி இருக்கட்டும், சூடான காற்று அந்தச் சந்தில்தான் வெளியேறும். ஒரு பக்கம் ஓர் அடி தாழ்த்திக் கட்டுங்கள். வலையில் மழை எப்படியும் ஒழுகிவிடுமே, சாய்வு எதற்கு என்று கேட்கலாம். சருகுக்காகத்தான். மட்டமாகக் கட்டினால் நடுவில் சருகு சேர்ந்து, தொப்பை போட்டு, ஒரு நாள் கிழியும்.

தாழ்ந்த பக்கத்து இரண்டு மூலைகளில் மட்டும் உருவு முடிச்சு போடுங்கள். கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றில் இழுத்தால் அவிழ்ந்து சுருட்ட வர வேண்டும்.

கீற்றுப் பந்தல்தான் வேண்டும் என்றால், 100 சதுர அடிக்கு 20 முடைந்த கீற்று வாங்குங்கள். வலையைவிடக் குளிர்ச்சி, ஆனால் அடுப்படிப் புகைபோக்கியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

மேற்குத் தாழ்வாரத்தில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு, 11 மணிக்கும் 3 மணிக்கும் நனைத்தால் உள்ளே வரும் காற்று குளிரும். காற்றே இல்லாத மூலையில் தொங்கவிட்டால் வாசனை மட்டும்தான் வரும். இரவில் காயவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

தொட்டியும் மண்ணும்

மானாமதுரை மண் தொட்டி வாங்கினால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த தொட்டி செடிக்கு ஊற்றும் தண்ணீரைத் தானே குடித்துவிடும். காகிதப்பூவுக்கும் மல்லிகைக்கும் 12 அங்குலத் தொட்டி.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். ஓட்டையை ஓட்டாஞ்சில்லால் மூடி, கலவையை நிரப்பி, மேலே ஒன்றரை அங்குலம் விடுங்கள். விளிம்புவரை நிரப்பினால் ஊற்றுவதெல்லாம் வழிந்து தரைக்குப் போகும். சாயங்காலம் நட்டு, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.

தொட்டியை ஆத்தங்குடிக் கல் மேல் நேரடியாக வைத்தால் வெள்ளை வளையம் விழும், தேய்த்தாலும் போகாது. மூன்று செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வையுங்கள்.

வெயில் மூலைக்குக் காகிதப்பூ, இட்லிப்பூ, பட்டு ரோஜா. அரளியும் தாங்கும், ஆனால் அது நச்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். தாழ்வார நிழலுக்கு வெற்றிலைக் கொடி, மணி பிளான்ட்.

தண்ணீர் காலை 7 மணிக்குள். மண்ணில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காகிதப்பூவுக்குக் கொஞ்சம் காயவிட்டே ஊற்ற வேண்டும், தினமும் குளிப்பாட்டினால் இலைதான் வரும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை மதியம் திறந்தால் முதலில் வருவது வெந்நீர். அதைச் செடியில் பிடித்துவிட்டு உரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

அலங்காரம்

இதற்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. நடுவில் ஓர் உருளியில் தண்ணீரும் பூவும், ஓரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் ஒன்றிரண்டு ஜாடிகள். ஜாடிக்கு அடியில் ஓட்டை இருக்காது, அதில் நேரடியாகச் செடி வைத்தால் வேர் அழுகும். ஓட்டையுள்ள சிறு தொட்டியை அதற்குள் இறக்கி, தேங்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டுங்கள். பனையோலைக் கொட்டான்களைத் தாழ்வாரத்திலேயே மாட்டுங்கள், நேர்வெயிலில் ஒரே கோடையில் சாயம் வெளுத்துவிடும்.

உருளித் தண்ணீரை தினமும் மாற்றுவதோடு, வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.