பேரப்பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

என் அம்மா நாலணாக் காசுகளைச் செய்தித்தாளில் உருளையாகச் சுருட்டி, இரண்டு முனையும் முறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். பேரன் பேத்திகளுக்கென்று பல வருடமாகச் சேர்த்தது. 2011 ஜூன் 29-ஆம் தேதியோடு வங்கிகள் நாலணாவை மாற்றித் தருவதை நிறுத்தின. மறுநாளிலிருந்து 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது. எங்களுக்கு அந்த டின் நினைவுக்கு வந்தது ஆடி பிறந்த பிறகு.

செல்லாமல் போனது ஒரு வருத்தம். உருளைகளைப் பிரித்தபோது பழைய காசுகளெல்லாம் பேப்பர் மை ஒட்டிக் கறுத்துக் கிடந்ததுதான் பெரிய வருத்தம். நாணயம் சேர்ப்பவரிடம் காட்டினால்கூட முகம் சுளிக்கும் நிலை.

புழக்கத்தில் உள்ள சில்லறையைப் பணமாக நினைத்துச் சேர்க்காதீர்கள். நூறு ஒரு ரூபாய்க் காசுகளை இருபது வருடம் பூட்டி வைத்தாலும் அது நூறு ரூபாய்தான்; அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிடும். குழந்தையின் படிப்புக்கென்றால் அந்தப் பணம் அஞ்சலகத்திலோ வங்கியிலோ இருக்கட்டும். காசாகவே கொடுக்க ஆசை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், தேர்வைக் கூட்டுங்கள். குழந்தை பிறந்த வருடம் போட்ட காசுகளில் தேயாத, பளபளப்பு போகாத ஒன்றிரண்டு போதும். வருடத்துக்குக் கீழே, காசு எந்த ஊர் நாணய ஆலையில் அடித்தது என்று காட்டும் சின்னக் குறி இருக்கும், அதையும் பாருங்கள். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. நான்கு ஆலைக் காசும் சேர்ந்தால் குழந்தைக்கு அதுவே ஒரு விளையாட்டு.

அடுத்த தவறை நல்ல மனசோடுதான் செய்கிறோம். கொடுக்கும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்க்கிறோம், விபூதியால் துலக்குகிறோம், சிலர் பற்பசைகூட எடுக்கிறார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது கேடு. புளியும் எலுமிச்சையும் அமிலம். அழுக்கோடு உலோகத்தின் மேல்தோலையும் அரித்துவிடும். பொடி வகைகள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்களைப் போடும். செம்பு, வெண்கலக் காசில் வருடக்கணக்கில் படியும் பழுப்பு நிறம் அழுக்கல்ல, அதற்கு ஒரு போர்வை மாதிரி. அதை உரித்துவிட்டால் திரும்ப வராது, சேர்ப்பவர்களும் அந்தக் காசைப் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பூஜையில் வைத்த காசுக்கும் இதேதான். மஞ்சள் குங்குமத்தை ஈரத்தோடு அப்படியே விட்டுவிடாதீர்கள்.

காசைச் சுற்றி வைக்கப் பேப்பரும் ரப்பர் பேண்டும் ஆகாது. ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுக்க வைக்கும். வழவழப்பான பிவிசி ஆல்பம் அதைவிட மோசம்: சில வருடத்தில் காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒன்று படியும். புது மழைக்கோட்டு வாசம் அடிக்கும் பிளாஸ்டிக் எதுவானாலும் தள்ளி வையுங்கள். நாணயக் கடைகளில் கிடைக்கும் அட்டை ஹோல்டரே போதும். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடப் போடுங்கள், கடலோர ஊர் என்றால் கட்டாயம்.

பழசென்றால் விலை என்ற நினைப்பும் பலரை ஏமாற்றுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க அடித்த ஓட்டைக் காலணா எத்தனையோ வீடுகளில் கிடக்கிறது, அதனாலேயே விலை குறைவு. பிரிட்டிஷ் ராஜா தலை போட்ட 1947 ரூபாயை வெள்ளி என்று நினைத்துப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். அது நிக்கல், காந்தம் வைத்தால் ஒட்டும். 1940-க்குப் பிறகு வந்த வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதிதான். 1911 ரூபாயின் கதை வேறு. ராஜா அங்கியில் பொறித்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருடமே அச்சை மாற்றினார்கள். அதனால் 1918 ரூபாயைவிட அதற்குக் கிராக்கி.

வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று யாராவது போனில் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். முதலில் கமிஷன் கேட்பார்கள், பிறகு வரி கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி இப்படிக் கட்டணம் வசூலிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது.

பேரப்பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கொள்ளுத்தாத்தாவின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைக் குழந்தையின் பெட்டியில் ஆசையாகப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அது இங்கேயே இருக்கட்டும், வரும்போது கையில் கொடுத்துக் காட்டுங்கள். அவர்களுக்கு அனுப்ப அண்மைக்கால நினைவுக் காசுகள் இருக்கின்றன: எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு 1995-இல் வந்த திருவள்ளுவர் காசு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய்.

கடைசியாக, எழுதி வைக்காமல் விடுவது. எங்கள் டின்னில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எந்தக் காசு எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று கேட்க இன்று அம்மா இல்லை. அவர் சேர்த்ததில் கறுக்காத பத்து நாலணாவை மட்டும் தனியாக எடுத்து ஹோல்டரில் போட்டேன். என் பேத்தி பிறந்ததும் அதே 2011-தான், புதிய ரூபாய்க் குறி போட்ட காசுகள் புழக்கத்துக்கு வந்த வருடம். அந்த வருடத்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து, பத்து நான்கையும் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன்: “நாலணா, உன் கொள்ளுப்பாட்டி சேர்த்தது. நீ பிறந்த வருடம் செல்லாமல் போனது. மற்ற நான்கும் நீ பிறந்த வருடம் வந்தவை.”