ஆலிவ் சக்கை சேர்த்த உணவு: சான்றிதழ் யாருடையது?

நூறு கிலோ ஆலிவ் காயை ஆலையில் போட்டால் எண்ணெய் 20 கிலோ தேறினாலே நல்ல மகசூல். மிச்சமெல்லாம் தோல், சதை, உடைந்த கொட்டை, கசப்புத் தண்ணீர். வேடிக்கை என்னவென்றால், காயில் உள்ள பாலிஃபீனால்களில் (தாவரங்களில் இருக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப் பொருட்கள்) பெரும்பங்கு இந்த மிச்சத்தோடுதான் போகிறது. அவை எண்ணெயைவிடத் தண்ணீரில் நன்றாகக் கரைபவை. எண்ணெயில் தங்குவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அதனால் சக்கையையும் இலையையும் பொடியாக்கியோ சாறு இறக்கியோ ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா, தயிர் என்று கலந்து, ‘இதயத்துக்கு நல்லது’ என்கிறார்கள். யோசனை மோசமில்லை. வாங்கும் நாம்தான் சில இடங்களில் சறுக்குகிறோம்.

பெரிய சறுக்கல், எண்ணெய் பெற்ற சான்றிதழைச் சக்கையின் கழுத்தில் மாட்டுவது. ஸ்பெயினில் 7,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வு 2013-இல் வெளிவந்தது; அதில் இருந்த குறைகளைச் சரிசெய்து 2018-இல் மறுபடி வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மட்டும் அறிவுரை பெற்றவர்களைவிட, மத்திய தரைக்கடல் உணவுமுறையோடு எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைவு. அவர்கள் சாப்பிட்டது எண்ணெய், அதுவும் காய்கறி, பருப்பு, மீனோடு. சக்கைப் பொடி போட்ட பிஸ்கட் அந்த ஆய்வில் எங்கும் இல்லை.

சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் அனுமதித்த, பொட்டலத்தில் அச்சிடும் ஆலிவ் பாலிஃபீனால் ஆரோக்கிய வாசகத்தை எண்ணெய்க்கு மட்டுமே போடலாம். 20 கிராம் எண்ணெயில் குறைந்தது 5 மில்லிகிராம் ஹைட்ராக்சிடைரோசால் என்ற ஆலிவ் பாலிஃபீனாலும் அதன் உறவுப் பொருட்களும் இருக்க வேண்டும். ரொட்டிக்கோ தயிருக்கோ அந்த வாசகத்தை ஒட்ட முடியாது.

அந்த வாசகத்தையே பலர் தப்பாகப் படிக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். கொலஸ்ட்ரால் குறையும் என்று அதில் இல்லை. இரத்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெடாமல் காக்க உதவும், அவ்வளவுதான். இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகள் கெட்டுப்போனால் இரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கி விழுங்கி உப்பி, படிவமாக உட்கார்ந்துவிடும். அந்த முதல் படியைத் தாமதப்படுத்துவது நல்லதுதான். ஆனால் இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் எண் அப்படியே இருக்கலாம். ‘மூன்று மாதம் சாப்பிட்டேன், ஒன்றும் குறையவில்லை’ என்று புலம்புகிறவர், அது தராத வாக்குறுதியை எதிர்பார்த்திருக்கிறார்.

அப்புறம் அளவு. ஒரு கணக்குக்கு, பிஸ்கட் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் ஹைட்ராக்சிடைரோசால் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிஸ்கட் 10 கிராம் என்றால் அதில் 1 மில்லிகிராம். அந்த 5 மில்லிகிராமுக்கு ஐந்து பிஸ்கட் தின்ன வேண்டும். பிஸ்கட்டில் கால்பங்கு சர்க்கரை என்றால், கூடவே 12 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகும். இந்த இடத்தில் கசப்பையும் சொல்ல வேண்டும். இலையில் நிறைந்திருக்கும் ஒலியூரோபீன் என்ற பாலிஃபீனால் நாக்கைத் தாண்டித் தொண்டை வரை கசக்கும். அதை மறைக்கச் சுலபமான வழி சர்க்கரையும் உப்பும். கொஞ்சமும் கசக்காத, இனிப்பான ‘ஆலிவ் இலை’ தின்பண்டம் கையில் கிடைத்தால் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்க அட்டவணையைத்தான்.

சரி, அட்டவணையில் ‘மொத்த பாலிஃபீனால்’ என்று பெரிய எண் இருந்தால்? அது எந்தப் பாலிஃபீனால் என்று சொல்லாத எண். கோதுமைத் தவிட்டில் இருப்பதும் கோகோவில் இருப்பதும் அதில் சேரும். சோதனைக் குழாயில் அளந்த ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன்’ இன்னும் மோசம். அத்தகைய எண்களை உணவு வாரியாகத் தொகுத்து வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, உடலுக்குள் நடப்பதை அவை காட்டுவதில்லை என்று சொல்லி 2012-இல் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. சக்கைப் பொடியில் நார்ச்சத்து நிறைய உண்டு என்பது வேறு விஷயம். அந்த ஒரு காரணத்துக்காக வாங்குகிறவரிடம் எனக்குச் சண்டை இல்லை.

‘போமஸ்’ எண்ணெயையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சக்கையில் மிஞ்சிய எண்ணெயைக் கரைப்பான் கொண்டு பிரித்துச் சுத்திகரித்தது அது. சுத்திகரிப்பிலேயே பாலிஃபீனால்கள் பெரும்பாலும் போய்விடும்.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தோனேசியாவில் ஆரம்பநிலை இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 8 வாரம் ஆலிவ் இலைச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள்: 500 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. கேப்டோப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைந்த அளவுக்கே இவர்களுக்கும் அழுத்தம் குறைந்தது. 2011-இல் வந்த இந்த முடிவைக் காட்டி ‘அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமே’ என்பவர்கள் உண்டு. அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். மாத்திரை மாதிரி வேலை செய்யும் பொருள் என்றால், மாத்திரையோடு சேரும்போது அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கலாம். செறிவூட்டிய பானமோ கேப்ஸ்யூலோ தொடங்குமுன் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போவது நல்லது.

‘இயற்கைதானே, எல்லோரும் சாப்பிடலாம், எப்படியும் சமைக்கலாம்’ என்பது கடைசித் தவறு. ஆலிவில் இருக்கும் அதே ஹைட்ராக்சிடைரோசாலைச் செயற்கையாகத் தயாரித்து எண்ணெய்களிலும் மார்ஜரினிலும் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அனுமதித்தபோது, பொட்டலத்தின்மேல் இரண்டு எச்சரிக்கைகள் அச்சிட வேண்டும் என்றது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சாப்பிடக் கூடாது என்பது ஒன்று. சமைக்கவோ, பேக் செய்யவோ, பொரிக்கவோ பயன்படுத்தக் கூடாது என்பது மற்றொன்று.