ஞாயிறு சமைத்து வாரம் முழுக்கச் சாப்பிட: ஃப்ரீசர் சமையல், படிப்படியாக

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் எங்கள் வீட்டில் மாதக் கணக்கைப் புரட்டியபோது, மளிகைச் செலவை ஓட்டல் பார்சல் செலவு எட்டிப் பிடித்திருந்தது. அந்தப் பார்சல்கள் பெரும்பாலும் வாரநாள் இரவுகளில், அலுப்பில் வாங்கியவை. இதற்கு நான் கண்ட வழி, முழுச் சாப்பாட்டையும் சமைத்து அடுக்கி வைப்பதன்று. நேரத்தை விழுங்கும் பாதி வேலையை மட்டும் ஞாயிறன்று முடித்து உறைய வைப்பது. தாளிப்பும் தேங்காயும் கொத்தமல்லியும் சாப்பிடும் நாளன்று சேர்ப்பது. வெங்காயம் வதக்கவும் பருப்பு வேகவைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு மேலே செல்கிறேன்.

முதல் படி: ஃப்ரீசரைச் சோதித்தல்

உணவை மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டிகளில் மேலே இருக்கும் சிறு ஃப்ரீசர் எல்லாவற்றிலும் அந்தக் குளிர் வராது. அதற்கென்று விற்கும் வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பதே சரி. அது இல்லாதவர்கள் ஐஸ்கிரீமை ஒரு நாள் முழுதும் வைத்துப் பார்க்கலாம். கரண்டி வழுக்கிக்கொண்டு இறங்கினால் அந்த ஃப்ரீசரில் வைப்பவற்றை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கல்லாக இறுகியிருந்தால் குழம்பும் பருப்பும் இரண்டு மூன்று மாதம் சுவை மாறாமல் இருக்கும்.

இரண்டாம் படி: எதைச் சமைப்பது

வெங்காயத் தக்காளித் தொக்குதான் என் முதல் பரிந்துரை. இரண்டு கிலோ வெங்காயம், இரண்டு கிலோ தக்காளி, 100 கிராம் இஞ்சி, 150 கிராம் பூண்டு, கால் லிட்டர் கடலை எண்ணெய். கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து, ஓரத்தில் எண்ணெய் கசிந்து நிற்கும்வரை வதக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு வற்றுகிறதோ அந்த அளவுக்கு ஃப்ரீசரில் இடமும் மிஞ்சும். தக்காளி மலிந்த வாரத்தில் இதைச் செய்து வைப்பதுதான் உண்மையான சிக்கனம். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

அடுத்தது கொண்டைக்கடலை. ஒரு கிலோ கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். வெந்ததை வடித்துத் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. வேண்டிய அளவு கைப்பிடியாக அள்ளிக்கொள்ளலாம். வேகவைத்த துவரம்பருப்பு, இட்லி, புளிக்கரைசல் ஆகியவையும் நன்றாக உறையும். புளிக்கரைசலை ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தால் ரசத்துக்கு இரண்டு கட்டி, காரக்குழம்புக்கு நான்கு கட்டி என்று எடுப்பது எளிது.

உருளைக்கிழங்கு உறைந்து இளகினால் மணல்மணலாகிவிடும். தேங்காய்ப்பாலும் தயிரும் திரிந்துபோகும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும். ஆகவே குருமாவைத் தேங்காய் அரைத்து ஊற்றுவதற்கு முந்தைய நிலையில் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆறவைத்தல்

இந்தச் செய்முறையில் ஆபத்து இருப்பது ஃப்ரீசரில் அன்று, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. அடுப்பிலிருந்து இறக்கிய ஐந்து லிட்டர் குக்கரை மூடியோடு மேடையில் விட்டால், மேலே தொட்டுப் பார்க்க ஆறியதுபோல் இருந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். "எப்படியும் மறுபடி கொதிக்கவைக்கப் போகிறோமே" என்று சொல்பவர்களுக்கு ஒன்று: சோற்றில் வளரும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைக்கும் சூட்டிலும் சாவதில்லை, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து வெளிவிடும் நச்சுகளில் ஒன்று, திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. பெரிய அண்டாவில் மெதுவாக ஆறும் கறிக்குழம்பில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் இன்னொன்று பெருகும். உறைய வைப்பதும் கிருமிகளைக் கொல்வதில்லை; அவை இருந்த நிலையிலேயே உறங்கும், அவ்வளவுதான்.

ஆகவே சமைத்தவுடன் குழம்பை அகலமான தட்டுகளிலோ பேசின்களிலோ இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். அவற்றைத் தண்ணீர் நிரப்பிய பெரிய தாம்பாளத்தில் நிறுத்தி அவ்வப்போது கிளறுங்கள். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே சுடும் என்பதால், முந்தைய நாளே இரண்டு தட்டு ஐஸ் போட்டு வைத்திருப்பது நல்லது. ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சமைத்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் உணவு உள்ளே போய்விட வேண்டும் என்பது பொது விதி. சமையலறை 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும் என்பதால், நான் எப்போதும் அதையே பின்பற்றுகிறேன்.

நான்காம் படி: டப்பாவும் தேதியும்

ஒரு வேளைக்கு வேண்டிய அளவே ஒரு டப்பாவில் இருக்க வேண்டும். நான் எவர்சில்வர் கட்சி: சீக்கிரம் குளிரும், மஞ்சள் கறை பிடிக்காது, தவறி விழுந்தாலும் உடையாது. மைக்ரோவேவில் வைக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. பிளாஸ்டிக் வேண்டுவோர் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்டதை வாங்குங்கள். பார்சலில் வரும் மெல்லிய கறுப்பு டப்பாக்களில் சூடாக்க வேண்டாம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும்; எந்தப் பாத்திரமானாலும் மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். கழுத்து குறுகிய கண்ணாடி பாட்டில் கட்டாயம் விரிசல் விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் தேதியையும் ஒட்டுக்காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள், ஏனெனில் உறைந்த தொக்கும் உறைந்த வத்தக்குழம்பும் பார்வைக்கு ஒன்றேதான்.

ஐந்தாம் படி: சூடாக்குதல்

முந்தைய இரவே டப்பாவை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் இளகியிருக்கும். மேடையில் வைத்து இளகவிடக் கூடாது; நடுவில் பனிக்கட்டி இருக்கும்போதே ஓரங்கள் கிருமிகளுக்கு ஏற்ற சூட்டுக்கு வந்துவிடும். மறந்துபோனால் பாதகமில்லை: டப்பாவின் வெளிப்புறத்தைத் தண்ணீரில் சற்று நனைத்து, கட்டியை அப்படியே சட்டியில் தள்ளி, அரை டம்ளர் தண்ணீர் தெளித்து மூடி, சிறு தீயில் வையுங்கள்.

உணவின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். குழம்பு வகைகளில் ஓரத்தில் குமிழி வந்தால் போதாது. கிளறியபிறகும் நடுவில் தளதளவென்று கொதிக்க வேண்டும். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது; பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் மூடி வைத்துப் பிறகு எடுங்கள். இட்லியை இளகவிடாமல் நேரே ஆவியில் வைத்தால் புதிதுபோல் வரும். ஒருமுறை சூடாக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும்; மீந்ததைத் திரும்பவும் உறைய வைக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: மின்வெட்டு

இதைச் செய்து பார்த்த தோழி ஒருத்தி, மின்சாரம் போனால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா என்று கேட்டாள். கதவைத் திறக்காமல் வைத்தால், நிரம்பிய ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். திறக்கும்போது உணவில் இன்னும் பனித்துகள்கள் இருந்தால் மறுபடி உறையவிடலாம். சுவை சற்றுக் குறையும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்தபோது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாதபோது ஃப்ரீசர் முழுக்க இளகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.